அப்ப மாவுக்கும் காய்ச்சல் வரும்



சென்ற இதழில் வாரக் கடன் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒரு சகோதரி, "கடன் எடுத்ததைப் பற்றி எல்லாரும் எழுதுகினம். எடுத்த காசில தொடங்கின தொழில் ஏன் படுத்தது எண்டு ஒருத்தரும் எழுதுறேல்லை" என்று குறைப்பட்டிருந்தார். நியாயமான குறைதான். தொழில் படுப்பதற்குப் பெரிய காரணங்கள் பல உண்டு. இம்முறை ஒரு சிறிய காரணத்தை எடுத்துக்கொள்கிறேன். மா புளிக்கும்போது அதற்குள் இருக்கும் வெப்பம்தான் அது.

கிளிநொச்சி மாவட்டத்தில் நான் களப்பணிக்குச் செல்லும் கிராமம் ஒன்றில் அப்பம் சுட்டு விற்கும் ஓர் அக்கா இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். 2009 இல் கணவர் காணாமல் போனார். முகாமிலிருந்து 2010 இல் இரண்டு பிள்ளைகளோடும் மாமியோடும் சொந்தக் காணிக்குத் திரும்பினார். கச்சான் பிடுங்கப் போனார், வீதி வேலைக்குப் போனார், கோழி வளர்த்தார். கடைசியாக 2022 இன் முடிவில் நிறுவனம் ஒன்றில் கடன் எடுத்து அப்பக் கடை போட்டார். கடை என்றால் வீதியோரத்தில் நான்கு தடி, மேலே இரண்டு தகரம். விடிய ஐந்தரைக்கு அடுப்பு மூட்டுவார். வயலுக்கும் மேசன் வேலைக்கும் போகிறவர்கள் வாங்கிக்கொண்டு போக, எட்டு மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும். வெறும் அப்பம் 30 ரூபா, பாலப்பம் 50 ரூபா.

நான் முதன்முதலாக அந்தக் கடைக்குப் போனது 2023 சித்திரையில். அப்பம் வாயில் வைக்க முடியாத புளிப்பு. அக்காவுக்கும் அது தெரியும். வாங்கிய இரண்டு பேர் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். அந்த வாரத்தில் மட்டும் மூன்று நாள் மா பழுதாகியிருந்தது. ஒரு நாள் மா பழுதானால் அரிசி, தேங்காய், விறகு எல்லாமாக 1,500 ரூபாவுக்கு மேல் மண்ணில் ஊற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை கடன்காரர் வந்து நிற்பார். மாவுக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்கப் போவதில்லை.

ஊர் சொன்ன காரணம் வேறு. "அவளின்ர கையில ராசி இல்லை" என்றார் மாமி, அக்கா கேட்கத் தக்கதாகவே. பக்கத்து வீட்டு ஆச்சி இன்னொரு படி மேலே போய், துடக்கு நாட்களில் மா கரைத்தால் இப்படித்தான் ஆகும் என்றார். இன்னும் சிலர் மெதுவாகச் சொன்னது, கணவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் பொட்டு வைத்துக்கொண்டு திரிகிறவளின் கைப்பண்டம் எப்படி விளங்கும் என்று. சகோதரிகளே, இந்தப் பேச்சு உங்களில் பலருக்குப் புதிதல்ல. கலியாண வீட்டில் பலகாரச் சட்டிக்குப் பக்கத்தில் போக விடாமல் தடுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் இதை வாசித்துக்கொண்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஊரை மட்டும் குறை சொல்லி நான் தப்பிக்க முடியாது. அந்த மாத அறிக்கையில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? "பயனாளிக்குத் தொழில் முகாமைத்துவத் திறன் போதாது, பயிற்சி தேவை." ஊர் கையைக் குற்றம் சொன்னது, நான் தலையைக் குற்றம் சொன்னேன். சமூகவியல் படித்துப் பட்டம் வாங்கியும், மாவுப் பானைக்குள் கையை விட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

தோன்ற வைத்தது கனடாவில் இருக்கும் என் சித்தப்பாவின் மகன். அவன் வீட்டின் பேஸ்மன்டில் பியர் காய்ச்சுகிறான். முகம் சுளிக்க வேண்டாம். அங்கே சொந்தப் பாவனைக்கு வீட்டில் பியர் தயாரிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. இங்கே அனுமதியில்லாமல் செய்தால் குற்றம். குடி எங்கள் கிராமங்களில் என்ன செய்திருக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவனோடு இது பற்றி நான் வழக்கமாகச் சண்டைதான் பிடிப்பேன். அன்றைக்கு வட்ஸ்அப்பில் கதைக்கும்போது இந்த அக்காவின் கதையைச் சொன்னேன். அவன் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, மா எத்தனை பாகையில நிக்குது?"

எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. அவன் விளக்கினான். பியரைப் புளிக்க வைப்பதும் மதுவம்தான், அதாவது கடையில் ஈஸ்ட் என்று விற்பது. கள்ளில் இருப்பதும் அதே இனம்தான். அந்த நுண்ணுயிர் சீனிச் சத்தைத் தின்று வாயுவை விடுகிறது. அப்ப மா பொங்குவதும், வெந்த அப்பத்தில் துளைகள் விழுவதும் அந்த வாயுவால். அவன் செய்யும் சாதாரண பியருக்கு 18 முதல் 22 பாகை செல்சியஸ் வேண்டும். லாகர் என்ற வகைக்கு 8 முதல் 13 பாகை போதும். பிறகு அதை உறைநிலைக்குக் கிட்டிய குளிரில் வாரக்கணக்கில் ஆற வைக்க வேண்டும். வெப்பம் கூடினால் மதுவம் வெறிபிடித்ததுபோல வேலை செய்து, வேண்டாத மணங்களையும் சுவைகளையும் விட்டுவிடும். அவன் முதல் வருடக் கோடையில் காய்ச்சிய ஒரு வாளியை அப்படியே கானுக்குள் ஊற்றினானாம். "அறையில 24 எண்டு நம்பிக்கொண்டு இருந்தன். வாளிக்குள்ள 28. புளிக்கிற சாமான் தானே சூடு விடும் எண்டு எனக்குத் தெரியாது."

இந்தப் பிரச்சினை அவனோடு தொடங்கியதல்ல. ஜெர்மனியின் பவேரியாவில் 1553 இல் ஒரு சட்டமே போட்டார்கள். ஏப்ரல் 23 தொடங்கி செப்டெம்பர் 29 வரை பியர் காய்ச்சக் கூடாது, ஏனென்றால் கோடையில் காய்ச்சுவது பழுதாகிவிடுகிறது. குளிர்காலத்தில் குளங்களில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி நிலவறைகளில் அடுக்கிக் காத்தார்கள். 1870களில் கார்ல் வொன் லிண்டே என்ற பொறியியலாளர் மியூனிச் நகரப் பியர் ஆலை ஒன்றுக்குக் குளிரூட்டும் இயந்திரம் அமைத்துக் கொடுத்த பிறகுதான் கோடையிலும் நிம்மதியாகக் காய்ச்ச முடிந்தது. குளிர்சாதனப் பெட்டி வளர்ந்த கதையில் பியர் ஆலைக்கும் ஒரு பங்கு உண்டு. பவேரியாக்காரர் சட்டம் போட்டுச் சித்திரை முதல் புரட்டாதி வரை நிறுத்தினார்கள். எங்கள் அக்கா சித்திரையில் அடுப்பை நிறுத்தினால் வெள்ளிக்கிழமை நிற்குமா?

அடுத்த வாரம் யாழ்ப்பாண நகரில், பாடசாலை ஆய்வுகூடப் பொருட்கள் விற்கும் கடையில் ஒரு வெப்பமானி வாங்கினேன். 0 முதல் 100 பாகை வரை காட்டுவது, உள்ளே சிவப்புத் திரவம். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. அது 35 இலிருந்து 42 வரைதான் காட்டும். வெள்ளி நிறப் பாதரசம் உள்ளதைச் சமையலுக்குக் கிட்டவும் கொண்டு போக வேண்டாம், உடைந்தால் நஞ்சு. இப்போது கூரான உருக்குக் கம்பி பொருத்திய இலத்திரனியல் வெப்பமானிகளும் கிடைக்கின்றன, வசதி உள்ளவர்கள் அதை வாங்கலாம். கண்ணாடியானது மாவுக்குள் உடைந்துவிடக் கூடாது என்பதால் அக்கா கையை விட்டு எடுக்காமல் ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்துவிட்டு எடுத்துவிடுவார். எழுதுவதற்கு மகளின் பழைய அப்பியாசக் கொப்பி.

இரண்டு வாரம் எழுதினோம். அதாவது அக்கா எழுதினார், நான் இடைக்கிடை போய்ப் பார்த்தேன். பார்த்தபோதுதான் மாவுக்குச் சூடு நான்கு வழிகளில் ஏறுவது தெரிந்தது.

முதலாவது, மில். ஊறிய பச்சையரிசியை மில்லில் அரைத்து வந்தவுடன் மா கையில் சுடும். அக்கா அதை அப்படியே பையோடு வைத்திருந்து கரைப்பார். இரண்டாவது, கப்பி. அரித்து எஞ்சிய கப்பியைக் கூழாகக் காய்ச்சி மாவோடு சேர்ப்பது எங்கள் வழக்கம். அவசரத்தில் ஆவி பறக்கச் சேர்ப்பார். 50 பாகை தாண்டினால் மதுவம் சாகத் தொடங்கும். சில நாட்களில் அவர் கள்ளையும் அதே சூட்டில் ஊற்றியிருக்கிறார். அந்த நாட்களில் மா பொங்கவே இல்லை. மூன்றாவது, தகரக் குசினி. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு ஓட்டு வீடு, குளிர்மையானது. ஆனால் குசினி பின்னால் இறக்கிய தகரக் கொட்டில். மாலை ஐந்து மணிக்கு அங்கே 36 பாகை. அந்த நேரத்தில், அந்த இடத்தில்தான் அவர் தினமும் மா கரைத்து வைத்தார்.

நான்காவதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. கள். காலையில் இறக்கிய கள் இனிப்பாக இருக்கும், நேரம் போகப் போக அதில் புளிக்கும் பற்றீரியா பெருகும். அதனால்தான் கருப்பநீருக்கு முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசுகிறார்கள், புளிக்காமல் நிற்பதற்கு. அக்காவுக்குக் கிடைத்த கள் எது? தவறணைக்குப் பெண்பிள்ளை போகக் கூடாது, அதுவும் கணவன் பக்கத்தில் இல்லாதவள் போகவே கூடாது. ஆகவே ஒழுங்கையில் விளையாடும் பையன் ஒருவனைக் கெஞ்சி அனுப்புவார். அவன் மத்தியானம் வாங்கி, வெயிலில் சைக்கிளில் கொழுவி, பந்தடித்து முடித்து நாலரைக்குக் கொண்டு வருவான். அந்தப் போத்தலை அளந்து பார்த்தோம், 35 பாகை. மா கரைக்கும் முன்பே பாதிப் புளிப்பு அதற்குள் இருந்தது. பெண் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று ஊர் வைத்திருக்கும் விதி இப்படி ஒரு கள்ளுப் போத்தலின் வெப்பமாக என் முன்னால் வந்து நின்றது. பல்கலைக்கழகத்தில் எந்த விரிவுரையிலும் இவ்வளவு தெளிவாக எனக்கு அது விளங்கியதில்லை.

மாவுக்குள் இரண்டு கூட்டம் வேலை செய்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பொங்க வைப்பது, மற்றது புளிக்க வைப்பது. இரண்டும் வேண்டும். புளிப்பே இல்லாத அப்பம் அப்பமல்ல. 25 முதல் 30 பாகை வரை இரண்டும் ஒத்துப் போகின்றன. 33, 34 என்று ஏறினால் புளிக்க வைக்கும் கூட்டம் முந்தி ஓடிவிடும். 20க்குக் கீழே இரண்டும் சோம்பிப் படுத்துவிடும்.

இதற்குப் பிறகு செய்தவை பெரிய வித்தை அல்ல. மில் மாவை வீட்டுக்குள் பாயில் பரப்பி ஆற விட்டார். கப்பிக் கூழைக் குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டுக்கும் குறைவாக ஆறிய பிறகே சேர்த்தார். (வெப்பமானி இல்லாதவர்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சூடாகவும் இல்லை, குளிராகவும் இல்லை என்றால் அது உங்கள் தோலின் வெப்பம். கள் சேர்ப்பதற்கு அது பழுதில்லை, ஆனால் இரவு முழுவதும் வைத்திருக்க அது கூடிய சூடு.) சீவல் தொழில் செய்யும் ஒருவருடைய மனைவி எங்கள் சங்கத்தில் உறுப்பினர். அவர் காலை ஏழு மணிக்கே ஒரு போத்தல் கொண்டு வந்து தர ஒப்புக்கொண்டார். அதை நனைத்த துணி சுற்றி மண் பானைத் தண்ணீருக்குள் வைத்தார்கள். பனங்கள் வருடம் முழுவதும் கிடைக்காது. இல்லாத காலத்தில் தென்னங்கள், அதுவும் இல்லாவிட்டால் ஈஸ்ட். பக்கற்றை உடைத்த பிறகு காற்றுப் போகாத போத்தலில் போட்டு மூடி, குளிர்மையான இடத்தில் வைக்க வேண்டும்.

மா கரைக்கும் நேரத்தை ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணிக்கு மாற்றினோம். கள்ளின் அளவைப் பாதியாக்கினோம். பெரிய அலுமினியப் பானை ஒன்றுக்குப் பதிலாக இரண்டு சிறிய பானைகள், ஏனென்றால் பெரிய பானையின் நடுவில் சூடு தங்கும். பானைகளை வீட்டுக்குள் சீமெந்து நிலத்தில், தண்ணீர் நிரப்பிய அகன்ற பேசினில் இருத்தி, மேலே நனைத்த சாக்கைச் சுற்றி, சாக்கின் நுனி தண்ணீரில் தொட விட்டோம். தண்ணீர் காற்றில் உலரும்போது சூட்டையும் கொண்டு போய்விடும். கனடாவில் என் தம்பி தன் வாளிக்குப் பழைய ரீசேட்டைப் போட்டுச் செய்வதும் இதைத்தான். சோளகக் காற்று வீசும் இரவுகளில் மூன்று நான்கு பாகை இறங்கியது. காற்று அடைத்துப் புழுங்கும் இரவுகளில் ஒரு பாகைகூட இறங்கவில்லை. அப்போது போத்தலில் தண்ணீரை உறைய வைத்துப் பேசினுக்குள் போட வேண்டியிருந்தது. அக்காவிடம் குளிர்சாதனப் பெட்டி இல்லை, ஆச்சி வீட்டில் இருக்கிறது. ஆச்சியிடம் போய்க் கேட்க அக்காவுக்கு ஒரு கிழமை எடுத்தது.

பொங்க வைப்பது பாதி வேலைதான். பொங்கிய பிறகு காத்து வைப்பதும் ஒரு வேலை. பியர்காரர் குளிரில் ஆற வைப்பதுபோல. அதிகாலை நான்கு மணிக்கு மா சரியாகப் பொங்கியிருந்தாலும் கடைசி அப்பம் ஏழரைக்குத்தானே அடுப்பேறுகிறது? அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் அந்த மூன்றரை மணித்தியாலத்தில் அடிப் பானை கெட்டுவிடும். ஆகவே ஒரு பானையை மட்டும் கடைக்கு எடுத்துப் போவார். மற்றது பேசினில், நிழலில் காத்திருக்கும். உப்பு, சீனி, தேங்காய்ப்பால் மூன்றையும் சுடுவதற்குச் சற்று முன்னர் அந்தந்தப் பானைக்கு மட்டும் சேர்ப்பார். தேங்காய்ப்பால் சூட்டில் விரைவில் கெடும். சீனியை முன்னரே போட்டால் மதுவத்துக்கு மீண்டும் விருந்து வைத்ததாகிவிடும். குளிர்சாதனப் பெட்டி உள்ளவர்கள் பொங்கிய மாவை அதற்குள் வைத்தால் 4 பாகையில் எல்லாம் கிட்டத்தட்ட உறங்கிவிடும். ஆனால் 2022 பங்குனியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றதை நாங்கள் மறக்கவில்லை. பேசினும் சாக்கும் பழகி வைத்திருப்பது நல்லது.

பிறகு வாடைக்காற்று வந்தது. 2024 தையில் விடியப்புறம் 21 பாகை. சித்திரையில் பழகிய எல்லாவற்றையும் அக்கா அப்படியே செய்தார், பேசின், நனைத்த சாக்கு உட்பட. மா கல்லுப்போலப் படுத்திருந்தது. பழகிய கை அப்படித்தான், காரணத்தை விட்டுவிட்டுச் செய்கையை மட்டும் பிடித்துக்கொள்ளும். இப்போது எல்லாம் தலைகீழ். மாலையிலேயே கரைக்க வேண்டும், இளஞ்சூட்டுத் தண்ணீர், கள் பழைய அளவு, உலர்ந்த சாக்கு. மீன் சந்தையில் ஒரு பழைய ரெஜிபோம் பெட்டி வாங்கி, பானையோடு சுடுதண்ணீர்ப் போத்தல் இரண்டை அதற்குள் வைத்து மூடினோம். முதல் நாள் அப்பத்தில் மீன் மணத்தது. மேசன்மார் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்களாம். பெட்டியைத் தேசிக்காய் தேய்த்து இரண்டு நாள் வெயிலில் போட்ட பிறகுதான் மணம் போனது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதப் போவதில்லை. கடன் இன்னும் இருக்கிறது. தேங்காய் விலை ஏறியபோது இரண்டு கிழமை கடை பூட்டிக் கிடந்தது. ஆனால் மா பழுதாவது வாரத்துக்கு மூன்று நாள் என்று இருந்தது, மாதத்துக்கு ஒரு நாள் என்று வந்திருக்கிறது. அறிக்கையில் நான் எழுதிய அந்த வசனத்தையும் திருத்தி அனுப்பினேன். மாமி இப்போது இரவு பத்து மணிக்கு எழும்பிப் பானையைத் தொட்டுப் பார்த்து, "பிள்ளைக்குக் காய்ச்சல் காயுது, சாக்கை நனை" என்கிறார். கையில் ராசி என்ற கதையை அவர் திரும்ப எடுப்பதில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

போன மாதம் கொப்பியைப் பார்க்கக் கேட்டேன். திகதி, கரைத்த நேரம், இரவு வெப்பம், விடிய எப்படி என்று நான்கு நிரல்கள் நான் கோடு போட்டுக் கொடுத்தவை. ஓரத்தில் ஐந்தாவதாக ஒன்று இருந்தது. தலைப்பு இல்லை. மாதத்தில் நான்கைந்து நாட்களுக்கு மட்டும் சின்னதாக ஒரு புள்ளடி.

"இது என்னக்கா?"

அக்கா மாமி இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அது என்ர கணக்கு, தங்கச்சி. துடக்கு நாள். ஆச்சி சொன்னது உண்மையோ எண்டு எனக்கும் பாக்க வேணும் போல இருந்தது."

பக்கங்களைத் திருப்பினேன். புள்ளடி போட்ட நாட்கள் அறுபதுக்கு மேல் இருந்தன.

"எத்தனை நாள் பழுதாப் போச்சு?"

"ரெண்டு நாள். ஒண்டு பங்குனியில, அண்டைக்கு முப்பத்திநாலு. மற்றது அந்த மீன் பெட்டி."